ஒரு டாக்டருக்கு மூன்று நாற்காலி

மருந்துக்கடைக்காரர்களே இனி மருந்து எழுதிக் கொடுக்கலாம் என்று வேல்ஸில் சொல்லிவிட்டார்கள். அதற்குமுன் ஒரு டாக்டரின் கண்ணெதிரே பழகியாக வேண்டும். பழக்கிவிடத்தான் டாக்டர்கள் அகப்படவில்லை. மேலிடம் ஆழ்ந்து யோசித்துப் பயிற்சியை விரிவாக்கியது. அதாவது, டாக்டர் மாடக்ஸின் அறைக்கு பழகுபவருக்கென்று இருந்த ஒன்றோடு இன்னும் இரண்டு நாற்காலிகள் வந்து சேர்ந்தன. அறை விரியவில்லை.

முதல் நாற்காலி நெரிஸ் பெடோவுடையது. அவள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள். அம்மாவுக்குப் பள்ளிச் சமையலறையில் வேலை. "எப்பதான்டி நீயா எழுதுவே? இன்னும் வேடிக்கைதானா?" என்று இரவுச் சாப்பாட்டில் கேட்பாள். நெரிஸுக்கும் அதே கேள்விதான். மருந்துக்கடையில் இத்தனை காலமும் 'டாக்டரைப் பாருங்க' என்ற ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்தாள். நாளைக்கு யாரைக் கைகாட்டுவது?

ஒரு நோயாளியை முதலிலிருந்து கடைசிவரை அவளே பார்க்க வேண்டும், டாக்டர் அதைப் பார்க்க வேண்டும். அது ஒன்றுதான் பாக்கி. வெள்ளிக்குள் முடியாவிட்டால் அடுத்த வருடம்தான்.

நேரம் கேட்கக் காலை எட்டு மணிக்கு, ஊரே போன் போடும் வரிசையில் அவளும் காத்திருந்தாள்.

"உடம்புக்கு என்ன கண்ணு?" என்றாள் வரவேற்பு மேசை பெரில்.

"உடம்புக்கு ஒண்ணுமில்ல, டாக்டரப் பாக்கணும்."

"அவசரமில்லேன்னா பக்கத்து மருந்துக்கடையில கேளேன்."

"நான்தான் பெரில் அந்த மருந்துக்கடை!"

"அப்ப வசதியாப் போச்சு."

எப்படியோ வெள்ளிக்கிழமை மதியம் கிடைத்தது. முதலில் தொண்டை வலியோடு பஸ் டிரைவர் இட்ரிஸ் வந்தார். நான்கு பேரையும் பார்த்துத் திறந்த வாயை மூடிக்கொண்டார். "தொண்டையக் காட்ட வந்தா, வேலைக்கு ஆள் எடுக்கற மாதிரி உக்காந்திருக்கீங்களேப்பா!" அவரைப் பக்கத்து நாற்காலிக்காரன் எடுத்துக்கொண்டான்.

அடுத்தவர் நெரிஸின் தெருக்காரி, திருமதி எயர்லிஸ். கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார்.

"சொல்லுங்க, என்ன பண்ணுது?"

"ஒண்ணுமில்லம்மா. சளி."

மூக்கில் சளியின் சுவடே இல்லை. அவர் கண்கள் நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்தன. நெரிஸ் கடிகாரத்தைப் பார்த்தாள். சளிக்கு இரண்டு வரி எழுதினால் போதும், எல்லாம் முடிந்துவிடும்.

"டாக்டர், எல்லாரும் கொஞ்சம் வெளிய இருக்கீங்களா?"

"நானுமா?"

"நீங்களும்தான்."

கதவு மூடியதும் எயர்லிஸ் தலையைக் குனிந்துகொண்டார். "ஒண்ணுக்குல ரத்தம் போகுதும்மா. வலியே இல்ல. கிறிஸ்துமஸ்லேருந்து. அந்தப் பசங்க முன்னால எப்படிச் சொல்றது?"

நெரிஸ் தேவையானதெல்லாம் கேட்டாள். பேனாவை மூடி வைத்தாள். இது எழுதிக் கொடுத்து அனுப்புகிற காரியமில்லை. நடைவழியில் டீயோடு நின்ற மாடக்ஸிடம் போய்ச் சொன்னாள். அவர் டீயை ஜன்னலில் வைத்துவிட்டு உள்ளே வந்து எயர்லிஸிடம் பேசினார், அவசரமாகப் பார்க்கச் சொல்லி எழுதி அப்போதே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

"சரியாப் பண்ணே," என்றார் பிறகு. "சளின்னு அனுப்பியிருந்தா தப்பாப் போயிருக்கும்."

"அப்ப இது கணக்குல வரும்ல, டாக்டர்?"

அவர் சங்கடத்தோடு தலையைச் சொறிந்தார். "நான் பாக்கலையேம்மா. நீதானே வெளிய அனுப்பிச்சே."

மேலிடத்துக்கு அவரே போன் போட்டு அவளுக்காக வாதாடினார். அவர்கள் பொறுமையாகக் கேட்டார்கள். நெரிஸ் அடுத்த வருடம் தாராளமாக வரலாமாம். இடப் பிரச்சினையே இருக்காதாம். அந்த அறைக்கு ஐந்து நாற்காலிகள் ஒதுக்கியாகிவிட்டது.