அகலத் தோணியும் ஒல்லி வள்ளமும்

போடியில் பிறந்தவளுக்கு ஆற்றில் என்ன வேலை என்று எங்களை வேலை வாங்கிய கங்காணி கேட்டார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் நான் காய் எடுத்துக்கொண்டிருந்தேன். தோட்டம் அக்கரை, நாங்கள் குடியிருந்த லயமும் காய் உலர்த்தும் ஸ்டோரும் இக்கரை. ஆட்களை ஏற்றும் அகலத் தோணி காலையில் ஒரு தடவை, சாயந்தரம் ஒரு தடவைதான். பக்கத்து வீட்டுக்காரியிடம் விட்டுவந்த என் மூன்று மாதப் பெண்குழந்தை மதியம் பசித்து அழும். அக்கரையில் எனக்கு மார் கட்டி ரவிக்கை நனையும்.

மதியத்தில் ஒரு வள்ளம் சும்மா கிடந்தது. ஒரே மரத்தைக் குடைந்தது, ஓர் ஆள் அகலம். அதை நானே ஓட்டிக்கொள்கிறேன் என்றேன். புதிதாகத் துடுப்புப் பிடிப்பவளுக்கு அகலத் தோணிதான் லாயக்கு, வள்ளம் கைதேர்ந்தவனுக்கு என்றார் கங்காணி. அதையும் பார்த்துவிடுவோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அகலத் தோணியில் ஏறினேன். ஆடவில்லை, உண்மைதான். ஆனால் நடுவில் உட்கார்ந்தால் துடுப்பு தண்ணீருக்கு எட்டவில்லை. ஓரத்தில் உட்கார்ந்தால் வட்டமடித்தது. காற்று அதன் இஷ்டத்துக்கு ஒதுக்கிக்கொண்டு போனது. சும்மா உட்கார்ந்து போகிறவர்களுக்குத்தான் அது பத்திரம்; தனியாக ஓட்டும் ஒல்லி உடம்புக்கு இல்லை.

வள்ளமோ மூன்று முறை என்னைக் கவிழ்த்தது. இடுப்பளவுத் தண்ணீர்தான், ஆனாலும் கரையில் நின்றவர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் எரிகிறது. வெறும் வள்ளம்தான் அப்படித் துள்ளுகிறது என்று அப்புறம்தான் உறைத்தது. அடியில் ஆற்றுக்கல்லைப் பரப்பி, காலை நீட்டித் தாழ உட்கார்ந்தேன். கோடு போட்டாற்போல் போனது.

பிறகு ஒரு நாள் மதியம், கல்லுக்குப் பதிலாகக் காலையில் எடுத்த பச்சைக் காய் மூட்டையை வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். யாரிடமும் கேட்கவில்லை. மூட்டையை ஸ்டோரில் இறக்கிவிட்டு, லயத்தில் பிள்ளையை மடியில் போட்டேன். அன்று ஸ்டோரில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த கங்காணி பின்னாலேயே வந்தார். மூட்டை ஆற்றோடு போயிருந்தால் யார் பதில் சொல்வது என்று கத்தி, துடுப்பைக் கேட்டுக் கை நீட்டினார்.

நான் எழுந்திருக்கவில்லை.

"துடுப்ப வாங்கிக்கங்கண்ணே. கூடவே இந்தப் பிள்ளையையும் வாங்கிப் பசியாத்துங்க. அது உங்களால ஆகும்னா நான் சாயந்தரத் தோணியிலயே வர்றேன்."

நீட்டிய கை இறங்கியது. குழந்தை குடித்து முடிக்கும்வரை முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

"மழ வருது, வெரசா அக்கரைக்குப் போ" என்றார்.

அந்தப் பருவம் முழுக்க என் மகள் மதியத்தில் அழவில்லை.