சுவரில் ஒருவன், சைக்கிளுக்கு ஒருவன்

எங்களை வெளிநாட்டு ஊழியத்துக்கு அனுப்பியபோது, திருநெல்வேலிப் பக்கத்திலுள்ள எங்கள் சபையார் எங்களுக்காக ஜெபிக்கச் சொல்லி ஒரு ஜெப அட்டை அச்சடித்தார்கள். அதில் நானும் என் கணவரும் நிற்கிறோம். எங்களுக்குப் பின்னால் பனி மூடிய மலை. வெளிநாடு என்று சொன்னதும் அச்சகத்துக்காரர் தன்னிடமிருந்த ஒரே வெளிநாட்டைப் போட்டுவிட்டார். சபைப் பெண்கள் ஆளுக்கொரு ஸ்வெட்டர் கொடுத்தார்கள். நாங்கள் வந்து சேர்ந்த இடம் கிளிநொச்சி மாவட்டத்தில், ஸ்கந்தபுரத்தைத் தாண்டிய ஒரு வயல் கிராமம். ஸ்வெட்டர்கள் இரண்டும் இப்போது தலையணைக்குள் இருக்கின்றன.

சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம். திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கு வர ஓர் இரவு முழுக்க ரயிலில் இருந்தோம். இருந்தாலும் இதுதான் வெளிநாடு. கடவுச்சீட்டில் முத்திரை இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை விசாவைப் புதுப்பிக்க வேண்டும். தமிழ் பேசும் ஊர்தானே, பழகுவதற்கு என்ன இருக்கிறது என்று வரும்போது நினைத்தோம். முதல் ஞாயிறு, பிரசங்கத்தின் நடுவில் என் கணவர், "விசுவாசிக்கிறீர்களா?" என்று கேட்டார். சபையிலிருந்த பதினான்கு பேரும் ஒன்றாக "ஓம்" என்றார்கள். அவர் பைபிளிலிருந்து தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். இங்கே 'ஆம்' என்பதை அப்படித்தான் சொல்வார்கள் என்பதைப் பக்கத்து வீட்டு அக்கா பிறகு விளக்கினார்.

அந்த அக்காவும் பதினான்கு பேரில் ஒருவர். அறுபதை நெருங்கியவர். கணவர் இறந்துவிட்டார். மகளை நெடுங்கேணியில் கட்டிக் கொடுத்திருக்கிறார். நாங்கள் இங்கே வாழக் கற்றுக்கொண்டது பெரும்பாலும் அவரிடம்தான். ஊரிலிருந்து கொண்டுவந்த பெரிய பூட்டை நான் வாசல் படலையில், அதாவது வேலிக் கதவில், போட்ட முதல் நாளே வேலிக்கு அப்பால் நின்று சொன்னார்:

"பாஸ்டரம்மா, படலையைப் பூட்டினா சனம் நீங்கள் இந்தியாவுக்குத் திரும்பிப் போட்டியள் எண்டு நினைக்கும். மாடு வராமல் கொளுவிவிட்டாக் காணும்."

"திருடன் வந்தா?"

"வந்து என்னத்தை எடுக்கிறது? பைபிளையோ? எடுத்தா உங்களுக்கு ஊழியந்தானே."

குசினி என்கிற சமையலறையின் யன்னலைத் திறந்து வைத்தால் குரங்கு பாண் ரொட்டியைத் தூக்கிக்கொண்டு போகும் என்றும் சொன்னார். அதை நாங்கள் நம்பவில்லை. இரண்டு பாண் போன பிறகு நம்பினோம்.

எங்கள் ஒரே மகன் நாகர்கோவிலில் விடுதியில் தங்கி, பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். அவனை விட்டுவிட்டு வந்ததுதான் இந்த ஊழியத்துக்காக நான் செய்த ஒரே தியாகம். அதையும் மனதாரச் செய்யவில்லை. தினமும் மாலை ஆறரைக்கு அவனைக் காணொளியில் அழைப்பேன். எங்கள் வீட்டுக்குள் சிக்னல் வராது. அக்காவின் வேலியோரம், வேப்பமரத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் ஓராள் நிற்கும் இடத்தில் மட்டும் வரும். ஆகவே நானும் மகனும் பேசியதெல்லாம் அக்காவுக்குத் தெரியும். "தம்பி சாப்பிட்டவனாமோ?" என்று மறுநாள் காலையில் அவர் கேட்பது ஒரு மரியாதைக்கு.

வந்த இரண்டாம் மாதம் அவர் என் கணவருக்கு ஒரு சைக்கிள் தந்தார். புதிதல்ல, ஆனால் புதிது போலிருந்தது. நடுக்கம்பியில் சுற்றிய பொலித்தீனைக்கூட முழுதாகப் பிரிக்கவில்லை.

"மகனுக்கெண்டு வாங்கினது. அவன் இஞ்ச இல்லை. சும்மா நிண்டா ரயர் பழுதாப்போகும், பாஸ்டர் ஓடட்டும். அவன் வந்தாக் குடுக்கவேணும்."

வெளிநாட்டில் இருக்கும் மகன் என்று எடுத்துக்கொண்டேன். இங்கே அநேக வீடுகளில் ஒருவராவது வெளிநாட்டில் இருக்கிறார்.

அக்காவின் வீட்டுச் சுவரில் இன்னொரு பையனின் படம் இருந்தது. பதினெட்டு வயதிருக்கும். அடையாள அட்டைக்கு எடுத்தது போல நேராகப் பார்ப்பான். படத்துக்குக் கீழே சிறிய மேசையில் பைபிளும், தினமும் மாற்றும் ஒரு செவ்வரத்தம்பூவும். எங்கள் ஊரில் ஒற்றை ஆளின் படத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி, கீழே பூவும் வைத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். படத்தில் மாலை இல்லை. அதை நான் கவனிக்கவில்லை. மெதுவாகப் பெயரை மட்டும் கேட்டேன். சொன்னார். மேற்கொண்டு கேட்டு வருத்த வேண்டாம் என்று என் நல்ல குணத்தால் விட்டுவிட்டேன். அக்காவுக்கு இரண்டு மகன்கள் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். சுவரில் ஒருவன், சைக்கிளுக்கு ஒருவன்.

எங்கள் ஊர்ச் சபையில் ஆண்டுக்கு ஒரு ஞாயிறு மரித்தோரை நினைவுகூருவோம். குடும்பங்கள் பெயர்களை எழுதிக் கொடுக்கும். போதகர் ஒவ்வொரு பெயராக வாசிக்க, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மெழுகுதிரி ஏற்றுவோம். இங்கும் அதை வைக்கலாம் என்று சொன்னது நான். பட்டியலை எழுதும் பொறுப்பையும் எடுத்துக்கொண்டேன். சபை நோட்டை, இங்கே சொல்வது போலக் கொப்பியை, எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். எல்லோரும் நின்று நிதானமாகப் பெயர் சொன்னார்கள். ஒரு வீட்டில் ஒன்பது பெயர். எழுதி முடிக்கும்வரை அந்த வீட்டுக்காரர் எனக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

நான் போன அன்று அக்கா மகள் வீட்டுக்குப் போயிருந்தார். அவர் கணவர் பெயரும் படத்திலிருந்த பையன் பெயரும்தான் தெரியுமே என்று இரண்டையும் நானே எழுதிவிட்டேன். அவர் வந்ததும் சொல்ல நினைத்திருந்தேன். சனிக்கிழமை குரங்கு வந்த கலவரத்தில் மறந்துபோனது.

ஞாயிறன்று அக்கா மூன்றாம் வரிசையில் இருந்தார். கணவருக்காக ஏற்றிய திரி அவர் கையில் எரிந்துகொண்டிருந்தது. என் கணவர் பட்டியலை வாசித்துக்கொண்டே வந்து, படத்திலிருந்த பையனின் பெயரையும் வாசித்தார். நான் ஒரு திரியை எடுத்துக்கொண்டு அக்காவிடம் நடந்தேன். அவர் எழுந்து நின்றார்.

"பாஸ்டர், அந்தப் பேரை வெட்டுங்கோ. அவன் இருக்கிறான்."

சத்தமாகச் சொல்லவில்லை. பொருள் விலையைத் திருத்திச் சொல்வது போலச் சொன்னார். என் கணவர் பேனாவை எடுத்து ஒரு கோடு போட்டு, அடுத்த பெயரை வாசித்தார். அக்கா கடைசிப் பாட்டையும் முழுதாகப் பாடினார். பிறகு தன் கையிலிருந்த திரியை ஊதி அணைத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனார். நான் கொண்டுபோன திரி என் கையிலேயே இருந்தது.

சபையிலிருந்த ஒரு விவசாயி வெளியே வந்து எங்களுக்குச் சொன்னார். அக்காவுக்கு ஒரே மகன்தான். போரின் கடைசி நாட்களில் சனத்தோடு சனமாக நடந்து வந்தபோது பிரிந்தவன். அதன்பிறகு தகவல் இல்லை. ஊர் திரும்பிய பிறகு, அவன் வந்தால் ஓட்ட வேண்டுமே என்று சைக்கிள் வாங்கினார்.

"உது எல்லாருக்கும் தெரியும், பாஸ்டரம்மா" என்றார். "கேட்டிருந்தாச் சின்னப்பிள்ளையும் சொல்லியிருக்கும்."

மறுநாள் காலையில் அக்கா வந்தார். "சைக்கிளுக்குக் காத்தடிக்கவேணும்" என்று சொல்லி உருட்டிக்கொண்டு போனார். காற்று நன்றாகத்தான் இருந்தது. அதன்பிறகு சைக்கிள் வரவில்லை. அவர் சபைக்கும் வரவில்லை. அவர் வராததால் வேறு மூன்று பேரும் வரவில்லை.

நான் மன்னிப்புக் கேட்க மூன்று முறை போனேன். மூன்று முறையும் கதிரையை இழுத்துப் போட்டுத் தேத்தண்ணி தந்தார். நான் "அக்கா, அன்னைக்கு..." என்று தொடங்கும்போதெல்லாம் "ஆறமுதல் குடியுங்கோ" என்றார். குடித்தேன். குடித்து முடித்ததும் கோப்பையை வாங்கிக்கொண்டு எழுந்துவிடுவார். பையன் சுவரிலிருந்து நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டுக்கு வந்ததும் என் கணவர், "என்ன சொல்லுதா?" என்பார்.

"டீ குடிக்கச் சொல்லுதா."

"நம்ம ஊர்ச் சபைக்கே எழுதிப் போட்டுருவமா? வேற ஆள அனுப்பச் சொல்லி?"

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நடந்தே ஊழியம் செய்து அவர் கால் வீங்கியிருந்தது. மாலை ஆறரைக்கு நான் வேலியோரம் நிற்கும்போது அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். பேசுவது கேட்கக் கூடாதென்று அல்ல. என்னைப் பார்க்கக் கூடாதென்று. சபை நடக்கும், நடக்காமல் போகும், அது வேறு. அந்த ஒரு பெண் என்னைப் பார்க்காவிட்டால் இந்த ஊரில் எனக்கு இருப்பில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மூன்றாவது வாரம், ஒரு புதன்கிழமை, மகன் எடுக்கவில்லை. கைபேசி அணைந்திருந்தது. வியாழன் காலையிலும் அணைந்திருந்தது. விடுதிக் காப்பாளர் எண் அடித்துக்கொண்டே இருந்தது. அவன் நண்பர்கள் எண் ஒன்றுகூட என்னிடம் இல்லை. கேட்டால் கோபப்படுவான் என்று வாங்காமல் விட்டது. என் கணவர் விசாக் காரியமாகக் கிளிநொச்சிக்குப் போயிருந்தார். நான் காலையிலிருந்து வேப்பமரத்துக்கும் தொட்டிக்கும் நடுவிலேயே நின்றேன். நண்பகல் ஆனது. வேலிக்கு அப்பால் அக்கா வந்து நின்றார்.

"என்ன, தம்பி எடுக்கேல்லையோ?"

"நேத்துல இருந்து சுவிட்ச் ஆஃப்க்கா."

"கடைசியாக் கதைச்சது?"

"செவ்வாக்கிழமை."

"ரெண்டு நாள்" என்றார். குரலில் எதுவும் இல்லை. நான் அழத் தொடங்கினேன். அவர் தேற்றவில்லை. "உந்த அழுகையைப் பிறகு அழலாம். கொப்பியும் பேனையும் கொண்டு வாங்கோ."

உள்ளே ஓடிக் கைக்கு அகப்பட்ட கொப்பியை எடுத்து வந்தேன். அது சபைக் கொப்பி. பின்பக்கத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"எழுதுங்கோ. செவ்வாய் எத்தினை மணிக்கு?"

"ஆறரை... ஆறே முக்கால் இருக்கும்."

"இருக்கும் எண்டு எழுதாதேங்கோ. ஒண்டை எழுதுங்கோ. இடத்துக்கு ஒரு நேரம் சொன்னாப் பிறகு அதையே பிடிச்சுக்கொண்டு நிப்பினம். என்ன உடுப்பு?"

"நீல டீ-ஷர்ட்."

"கீழ?"

"தெரியலக்கா. போன்ல இடுப்புக்கு மேலதான் தெரிஞ்சது."

"தெரியாது எண்டு எழுதுங்கோ. அடையாளம்?"

"இடது புருவத்துல தழும்பு. சின்னதுல கட்டில்ல இருந்து விழுந்துட்டான்."

"எத்தினை வயசில?"

"மூணு."

"ஆர் பாத்துக்கொண்டு நிண்டது?"

"நாந்தான்."

"அதை எழுதத் தேவையில்லை" என்றார். "படம் இருக்கோ? தனிய நிக்கிற படம் வேணும். கூட்டத்தில நிக்கிறதைக் குடுத்தா, ஆளைத் தெரியேல்லை எண்டு திருப்பித் தருவினம்."

சுவரிலிருந்த பையன் ஏன் அப்படி நேராகப் பார்க்கிறான் என்பது எனக்கு அந்த இடத்தில் விளங்கியது. விண்ணப்பங்களில் ஒட்டக் கொடுத்த படத்தைப் பெரிதாக்கி மாட்டியிருக்கிறார்.

"நான் உப்பிடி எழுதி வைக்கேல்லை" என்றார் அக்கா. "பிறகு ஞாபகத்தில இருந்துதான் சொன்னனான். சேட்டு ஒரு இடத்தில பச்சை எண்டு சொல்லிப்போட்டன், மற்ற இடத்தில நீலம் எண்டு சொல்லிப்போட்டன்." வேலிக் கட்டையில் கையை ஊன்றினார். "ரெண்டும் அவனிட்டக் கிடந்தது."

நான் எழுதிக்கொண்டே இருந்தேன். உயரம், எடை, இரத்த வகை. இரத்த வகை எனக்குத் தெரியவில்லை. தெரியாதா என்று அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்போது கைபேசி அடித்தது. தெரியாத இந்திய எண்.

"அம்மா, போன் பக்கெட்டுல விழுந்துட்டு. சர்வீஸ்ல குடுத்துருக்கேன். இது ஃப்ரெண்டு போனு. எதுக்கு வார்டனுக்கு முப்பது கால் அடிச்சிருக்க? மானமே போச்சு."

நான் சொன்ன பதிலை, போதகரின் மனைவியாக இருந்துகொண்டு இங்கே எழுத முடியாது. அக்கா வேலிக்கு மேலாகக் கையை நீட்டிக் கைபேசியை வாங்கினார்.

"தம்பி, நான் பக்கத்து வீட்டு அன்ரி. இனி போனை விழுத்துறதெண்டா, முதல்ல அம்மாக்குச் சொல்லிப்போட்டு விழுத்துங்கோ." அவன் ஏதோ சொன்னான். "ஓம், சாப்பிடுங்கோ. உங்கட ரத்தம் என்ன குறூப்? ஆ, சரி." கைபேசியைத் திருப்பித் தந்தார். "பி பொசிற்றிவ். எழுதுங்கோ."

எழுதினேன். பிறகு அவர் கொப்பியை வாங்கி முன்பக்கமாகப் புரட்டினார். அது எந்தக் கொப்பி என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பட்டியல் இருந்த பக்கத்தில் அவர் விரல் நின்றது. என் கணவர் போட்ட கோட்டுக்கு உள்ளே அந்தப் பெயர் தெளிவாக இருந்தது.

"ஒரு கோடு காணாது. இன்னும் வாசிக்கலாம்."

பேனாவை வாங்கி, கொப்பியை வேலிக் கட்டையில் வைத்து, ஓர் எழுத்தும் தெரியாதபடி அழுத்தி அழுத்தி அழித்தார். தாள் ஓட்டையாகும் வரை நிறுத்தவில்லை.

"மன்னிச்சிருங்கக்கா" என்றேன். இந்த முறை தேத்தண்ணி இல்லை.

"ஆரையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், பிள்ளை."

"ஓம்" என்றேன்.

பின்பக்கத் தாளைக் கிழிக்கப் போனேன். வேண்டாம் என்று தலையசைத்தார்.

"கிடக்கட்டும். உடுப்பை மட்டும் நாளாந்தம் மாத்தி எழுதவேணும்." சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தவர் குசினி வாசலில் நின்றார். "பாஸ்டரை வந்து சைக்கிளை எடுக்கச் சொல்லுங்கோ. மணி அடிக்குதில்லை. அவன் வாறதுக்கிடையில திருத்தி வையுங்கோ."

கிளிநொச்சியிலிருந்து திரும்பிய என் கணவர் அன்று மாலையே ஸ்கந்தபுரத்துக்குக் கொண்டுபோய்ப் புது மணி போட்டுக்கொண்டு வந்தார். அக்கா வேலியில் நின்று இரண்டு முறை அடித்துப் பார்த்து, சத்தம் போதும் என்றார்.

இப்போதும் ஆறரைக்கு மகனை அழைக்கிறேன். பேசி முடிக்கும்போது கைபேசியைக் கொஞ்சம் கீழே பிடி என்கிறேன். எதற்கு என்று கேட்கிறான். சும்மா பார்க்கத்தான் என்கிறேன். வேலிக்கு அப்பால் கதவு திறந்திருக்கிறது. "என்ன, கறுப்புக் காற்சட்டையோ?" என்று அக்கா உள்ளேயிருந்து கேட்கிறார்.