எறும்பு போட்டுப் பார்த்த பால்

1979இல் மங்களத்திற்குத் தலைப்பிள்ளை பிறந்ததும், மலேசியாவின் ஈப்போ நகரத்துப் புந்தோங்கில் அவள் குடியிருந்த வரிசை வீடுகளில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே நாளில் டாக்டராகிவிட்டார்கள். பையன் பால் குடிக்க வாய் வைப்பான், உடனே எடுத்துவிட்டு வீறிடுவான். மங்களத்திற்கோ காம்பு வெடித்து, அவன் வாயைக் கொண்டு வந்தாலே உயிர் போய் உயிர் வரும். பூண்டு தின்னச் சொன்னாள் ஒருத்தி, முருங்கைக்கீரை என்றாள் இன்னொருத்தி. மணல் லாரி ஓட்டும் கணவன் அர்ச்சுனன் தன் பங்குக்கு லூமுட் கடற்கரையிலிருந்து சுறா வாங்கி வந்து போட்டான். மங்களம் அத்தனையையும் தின்றாள். அவளுக்கு உடம்பு கூடியது, பிள்ளைக்குக் குரல் கூடியது.

"இன்னும் ரெண்டு நாளு இப்படியே கத்துனான்னா, என்னைய தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரில கொண்டு போயி விட்ருங்க லா," என்ற அர்ச்சுனன், லாரிக்குள் போய்ப் படுத்து நன்றாகத் தூங்கினான். பைத்தியம் பிடிக்க வேண்டியவள் வீட்டுக்குள் பிள்ளையோடு நடந்துகொண்டிருந்தாள்.

இந்த நிலைமையில்தான் அர்ச்சுனனுடைய அக்கா காளியம்மா சுங்காயிலிருந்து பஸ் ஏறி வந்து இறங்கினாள். ஐந்து பெற்றவள். தோட்டத்தில் பல வருஷம் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்தவள். அதனால் மரத்தில் வடிந்தாலும் மாரில் வடிந்தாலும் பால் என்று பேர் இருந்தால் தீர்ப்புச் சொல்லும் உரிமை தனக்கே என்று நம்பினாள்.

"பால்ல கோளாறு," என்றாள் செருப்பைக் கழற்றும்போதே. "எறும்பு போட்டுப் பாத்துருவோம்."

மங்களத்தின் பாலைக் கொஞ்சம் கிண்ணத்தில் பீய்ச்சச் சொன்னாள். சீனி டின்னுக்குப் பக்கத்தில் ஒரு கட்டெறும்பைப் பிடித்து அதில் போட்டாள். எறும்பு காலை உதறியது, சுற்றியது, செத்தது. நீச்சல் தெரியாத எறும்பு பாலில் விழுந்தால் வேறென்ன செய்யும் என்று கேட்க அங்கே ஆள் இல்லை.

"விசப்பாலு. இனி ஒரு சொட்டு குடுக்கக்கூடாது," என்றாள் காளியம்மா. அர்ச்சுனன் கடைக்கு ஓடி டின் பால் வாங்கி வந்தான்.

தண்ணீர் கலந்த டின் பாலைக் குடித்த பிள்ளை இப்போது அழுதுகொண்டே வயிற்றாலும் போனது. மங்களத்திற்கு மார் கல்லாய்க் கட்டிக்கொண்டு காய்ச்சல் அடித்தது. குளியலறையில் உட்கார்ந்து பாலைப் பிழிந்து சாக்கடையில் விட்டாள். வெளியே பிள்ளை அழும்போதெல்லாம் உள்ளே பால் தானாகப் பெருகியது. பெற்ற பிள்ளைக்கு விஷம் வைத்தவள் என்று பேர் வாங்கியதை அவளால் தாங்க முடியவில்லை. முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுது முடிந்ததும் கோபம் வந்தது.

மறுநாள் காலை நேரே போய்ச் சீனி டின்னைத் தட்டினாள். ஒரு எறும்பை டின் பாலில் போட்டாள். செத்தது. இன்னொன்றை, அர்ச்சுனன் பாதி குடித்து வைத்திருந்த கோப்பியில் போட்டாள். அதுவும் செத்தது. அர்ச்சுனன் தன் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

"இதெல்லாம் என்ன விசம், அண்ணி?" என்றாள் மங்களம்.

காளியம்மா இரண்டையும் சொந்தக்காரி போல எட்டிப் பார்த்தாள். "டவுன் எறும்புக்கு வலுவு இல்ல லா," என்றாள்.

மங்களம் சாரோங் துணித் தொட்டிலிலிருந்து பிள்ளையை எடுத்து, எல்லோர் முன்னாலும் உட்கார்ந்து மாரில் வைத்தாள். பிள்ளை பழையபடி வீறிட்டது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு விடாமல் வைத்தாள். வந்த நாளிலிருந்து கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்த காளியம்மா, அப்போதுதான் முதல்முறையாகப் பிள்ளையைப் பார்த்தாள்.

"அடியே, அவன் வயிறு கூரையப் பாக்குது, தலைய மட்டும் ஒடிச்சு வச்சிருக்க. கழுத்தத் திருப்பிக்கிட்டு நீ கோப்பி குடிப்பியா? முழுசா உம்பக்கம் திருப்பு. வாயி பெருசாத் தொறக்கட்டும். நுனிய மட்டும் குடுத்தா கடிக்காம என்ன பண்ணுவான்?"

மங்களம் திருப்பினாள். பிள்ளை வாயை அகலத் திறந்து கவ்வியது. வலி வரும் என்று கண்ணை மூடிக்கொண்டாள். வரவில்லை. மடக் மடக்கென்று விழுங்கும் சத்தம்தான் கேட்டது.

"இத வந்தன்னைக்கே சொல்லியிருக்கலாமே, அண்ணி."

"நீ எங்க கேட்ட?"

சுங்காய்க்குத் திரும்பிய காளியம்மா, எறும்பு போட்டதால்தான் பிள்ளை பிழைத்தது என்று தோட்டம் முழுக்கச் சொல்லி வைத்தாள். மங்களம் மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு புந்தோங்கில் எந்த வீட்டில் பச்சைப் பிள்ளை விடாமல் அழுதாலும், கூப்பிடாமலே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள்.

1987இல் காளியம்மாவின் மூத்த மகள் பிள்ளை பெற்றாள்; பார்க்க மங்களமும் சுங்காய்க்குப் போயிருந்தாள். அந்தப் பிள்ளையும் வாயை எடுத்துவிட்டு வீறிட்டது. காளியம்மா எழுந்து, கிண்ணத்தோடு சமையலறைக்குப் போனாள். மங்களம் நாற்காலியை இழுத்துப் போட்டு அந்தப் பெண் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

காளியம்மா எறும்போடு திரும்பி வந்தபோது பிள்ளை குடித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் விரலைத் தளர்த்தினாள். அந்த எறும்பு மட்டும் உயிரோடு வீடு போய்ச் சேர்ந்தது.