என் குரல் கேட்ட அரங்கு

ஓப்பன் சோர்ஸ் மாநாட்டுக்குப் போனால் என்ன எதிர்பார்க்கலாம் என்று எனக்குச் சொன்னவள் என் அறைத்தோழிதான். அவள் ஒருமுறை போய் வந்தவள். பெரிய கம்பெனிக்காரர்களும் காலேஜ் பிள்ளைகளும் ஒரே வரிசையில் நின்று சாப்பிடுவார்களாம். யார் பக்கத்திலும் உட்கார்ந்து, நீங்கள் என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்கலாமாம். யாரும் டிகிரி கேட்க மாட்டார்களாம். டிப்ளமோ மட்டும் படித்த எனக்கு அது பிடித்திருந்தது.

ஓசூரில் ஒரே தொழிற்சாலையில், தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தோம். மத்திகிரியில் ஒரே வாடகை வீடு. நாள் முழுக்க ஷாஃப்ட் என்னும் இரும்புத் தண்டை அளப்பதும் திரும்பித் திரையைப் பார்ப்பதுமாக எனக்குக் கழுத்து வலி வந்துவிட்டது. அதனால் அளவைக் குரலில் சொல்லும் ஒரு சின்ன மென்பொருளை எழுதினேன். பல மாத ஞாயிற்றுக்கிழமைகள் அதிலேயே போயின. ‘சரி’, ‘கூடுதல்’, ‘குறைவு’ என்று தமிழில் என் குரல். கன்னடத்தில் அவள் குரல். யாரும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், எழுதியவர் பெயரை மட்டும் நீக்கக் கூடாது என்று குறிப்பிட்டு, ஓப்பன் சோர்ஸாக இணையத்தில் போட்டோம்.

பெங்களூரில் மாநாடு என்று தெரிந்ததும், அங்கே இதைப் பற்றிப் பேச இருவர் பெயரிலும் விண்ணப்பிக்கலாம் என்றாள். அவளே அனுப்பினாள். கொஞ்ச நாள் கழித்து, நம்முடையதை எடுக்கவில்லை என்றாள். எனக்கு வருத்தம்தான். இருந்தாலும் ஒருமுறை பார்த்துவிட்டு வரலாமென்று ஷிப்டை மாற்றிக்கொண்டு தனியாகக் கிளம்பினேன். அவள் முதல் நாளே அம்மா வீட்டுக்கு என்று சொல்லிப் போயிருந்ததால், நான் போவது அவளுக்குத் தெரியாது.

அங்கே சுவரில் ஒட்டியிருந்த நிகழ்ச்சி நிரலில் எங்கள் மென்பொருள் இருந்தது. கீழே அவள் பெயர் மட்டும்.

கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். மேடையில் அவள் நல்ல இங்கிலீஷில் பேசினாள். என் கழுத்து வலியைத் தன் கழுத்து வலியாகச் சொன்னாள். ஒரு ஷாஃப்டை அளந்து காட்டினாள். அரங்கு முழுக்க என் குரல் ‘சரி’ என்றது. எல்லோரும் கைதட்டினார்கள். முன்னால் இருந்த ஒருவர், அந்தத் தமிழ்க் குரல் யாருடையது என்று கேட்டார். எங்கள் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு பெண் என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள்.

எழுந்து நின்றிருக்கலாம். கூட்டம் கலையும்வரை உட்கார்ந்தே இருந்தேன்.

வெளியே டீ கொடுக்கும் இடத்தில் என்னைப் பார்த்துவிட்டாள். முகம் வெளுத்துப்போயிற்று. பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்.

“உன்னால அங்க நின்னு இங்கிலீஷ்ல பேச முடியாதுன்னுதான்...”

“என் பேரைச் சொல்ல எவ்வளவு இங்கிலீஷ் வேணும்?”

“ஓப்பன் சோர்ஸ்தானே? இதுல உன்னுது என்னுதுன்னு என்ன இருக்கு?”

அதற்குள் யாரோ அவளைக் கூப்பிட, சிரித்தபடி போய்விட்டாள்.

ஓசூர் திரும்பும் பஸ்ஸில் அத்திப்பள்ளி தாண்டும்வரை அழுதேன். மறுநாள் மாநாடு நடத்தியவர்களுக்கு எழுதினேன். எந்த வரியை யார், என்றைக்கு எழுதியது என்பது இணையத்தில் பதிவாகியிருந்ததால் அவர்கள் நம்பினார்கள். இணையத்தில் போட்ட அவள் பேச்சின் வீடியோவுக்குக் கீழே என் பெயரைச் சேர்த்தார்கள், அவள் பெயருக்கு அடுத்ததாக.

அதன்பின் ஒரே வீட்டில் தனித்தனியாகச் சமைத்தோம். அவளுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. நான் ஷிப்டில் இருந்த நேரம் பார்த்துச் சாமான்களை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இருவரும் சேர்ந்து வாங்கிய குக்கரை மட்டும் விட்டிருந்தாள். அதைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, அன்றைக்குக் கடையில் சாப்பிட்டேன்.