லைசென்ஸ் இல்லாத கைகள்

வெர்னா லுட்டர் புட்டிங் செய்வதற்காகப் பெர்சிமன் பழங்களைச் சல்லடையில் போட்டு மசித்துக்கொண்டிருந்தபோது ரேடியோவில் தன்னைப் பற்றிய பேச்சைக் கேட்டாள்.

காலை வேளையில் அந்த நிலையத்தில் பொருள் வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் பேசுவார்கள். ஒருவர் பழைய பிரிட்ஜ் இருக்கிறது என்றார். ஒருத்தி வாத்துகளைச் சும்மாவே கொடுக்கிறேன், வந்து பிடித்துக்கொண்டு போங்கள் என்றாள். தேர்தல் வருஷமானதால் அதன் பிறகு வேட்பாளர்களில் ஒருவருக்கு நேரம் ஒதுக்கியிருந்தார்கள். அன்று டேரின் ஏமிக்கின் முறை. குதிரைகளுக்கு லாடம் அடிக்கிறவன், மாநிலச் சட்டமன்றத்துக்கு லிபர்டேரியன் கட்சி சார்பில் நின்றான். தெற்கு இந்தியானாவில் அந்தக் கட்சிக்காரர்கள் நிற்பார்கள், ஜெயிக்க மாட்டார்கள். அது அவர்களுக்கும் தெரியும் என்பதால் மனதில் பட்டதை மறைக்காமல் பேசுவார்கள்.

"எந்த அரசாங்க வாரியமா இருந்தாலும் சில வருஷத்துல தானா காலாவதி ஆகணும். வேணும்னா சட்டமன்றம் மறுபடி ஓட்டுப் போட்டு உயிர் குடுக்கட்டும்," என்றான் டேரின். "எந்த மசோதாவையும் ஓட்டுக்கு முன்னாடி சபையில வாய்விட்டு முழுசாப் படிக்கணும். படிக்க நேரமில்லையா, அந்தச் சட்டம் வேண்டாம். குடியிருக்கிற வீட்டுக்கு வரி கூடாது. முடி வெட்டுறதுக்கு எவன்கிட்டயும் போய் லைசென்ஸ் கேட்டு நிக்கக் கூடாது."

"எல்லாத்தையும் மூடிட்டா ரோடு யாருப்பா போடுவா?" என்றார் நிலையத்துக்காரர்.

"இப்ப யாரு போடுறா? எங்க பிளாக் ஓக் ரோட்டுக்கு ஒரு நாள் வாங்க. பல்லு அத்தனையும் கழண்டு மடியில விழும்."

வெர்னாவுக்குச் சிரிப்பு வந்தது. அவளும் அதே ரோட்டில்தான் இருந்தாள்.

"சரி, முடி வெட்டுறத விடு. டாக்டர், நர்ஸு? அது உயிர் விஷயமாச்சே."

"உயிர் விஷயம்தான், அதைத்தான் சொல்ல வந்தேன். எழுபத்தெட்டாம் வருஷப் பனிப்புயல்ல நான் பொறந்தேன். ரோடு இல்ல, போன் இல்ல. பக்கத்து வீட்டம்மா பனியில நடந்து வந்து பிரசவம் பாத்து என்னைக் கையில பிடிச்சாங்க. என் ரெண்டு புள்ளைங்களையும் பிடிச்சது அதே கைதான். கடவுள் கிருபை இருந்தா மூணாவதும் இந்த மாசமே அதே கையில வந்துரும். அந்தக் கையில எந்த வாரியமும் முத்திரை குத்தல."

மசித்த பழம் வழிந்து மேசை விளிம்பிலிருந்து தரையில் சொட்டியது. வெர்னா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

கணவன் ஆரின் நாளிதழிலிருந்து தலையைத் தூக்கினான். சுண்ணாம்புக்கல் அறுக்கும் ஆலையில் காலம் தள்ளியவன், காது பாதிதான் கேட்கும். "யாரு, ஏமிக் பையனா? நல்லாத்தான் பேசுறான்."

"நல்லாப் பேசுறான். என்னை ஜெயில்ல தள்ளப் பேசுறான்."

பிளாக் ஓக் ரோட்டில் ஏமிக் வீட்டுக்குப் பக்கத்து வீடு ஒன்றே ஒன்றுதான், இந்த வீடு.

அந்தப் பனிப்புயலுக்கு முன்னால் வெர்னா கன்றுக்குட்டிகளைத் தவிர எதையும் பிரசவம் பார்த்தவள் இல்லை. டேரினின் அம்மா அலறிய அலறலில் வேறு வழி இல்லாமல் போனாள். குழந்தை நல்லபடியாக வந்தது. பனி உருகியபின் விஷயம் பரவி, அடுத்த பள்ளத்தாக்கில் ஒருத்தி கூப்பிட்டாள். பிறகு அவள் தங்கை. வெர்னா நூலகத்திலிருந்து கனமான புத்தகங்களைக் கொண்டுவந்து அகராதியைப் பக்கத்தில் வைத்துப் படித்தாள். எந்தப் பெண்ணை வீட்டில் வைத்துக்கொள்ளலாம், எந்தப் பெண்ணை உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட வேண்டும் என்று கற்றுக்கொண்டாள். இரண்டாவதுதான் முக்கியம் என்பாள். ஆஸ்பத்திரி ஒரு மணி நேரத் தொலைவு. கூலியாக விறகு வரும், அரைப் பன்றி வரும்.

சட்டப்படி அது கடுங்குற்றம். படித்துப் பட்டம் வாங்கிய நர்ஸானால் லைசென்ஸ் உண்டு. இவளைப் போன்றவர்களுக்கு லைசென்ஸும் கிடையாது, வாங்குவதற்கு வழியும் கிடையாது. வடக்கே ஒரு மருத்துவச்சியை அவள் பேரனின் பள்ளிக்கூட வாசலில் விலங்கு மாட்டிக் கூட்டிப்போனார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து வெர்னா தன் பிரசவச் சாமான் பையைக் காரின் ஸ்டெப்னி டயருக்கு அடியில் ஒளித்து வைத்தாள். எங்கே போனாலும் முன் இருக்கையில் ஒரு கேக் இருக்கும். யாராவது நிறுத்திக் கேட்டால் விருந்துக்குப் போகிறவள். கேக் திரும்பி வராததால் ஆரினுக்கு மட்டும் வருத்தம்.

பயம் பழகிப்போகும் என்று சொல்வார்கள். அவளுக்குப் பழகவில்லை. ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் கை நடுங்கிக்கொண்டேதான் நுழைவாள். குழந்தையின் தலை தெரிந்ததும் நடுக்கம் நின்றுவிடும். எல்லாம் முடிந்து கை கழுவும்போது திரும்ப வந்துவிடும்.

அன்று மத்தியானம் டேரின் வண்டியை நிறுத்திவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தான்.

"வெர்னாம்மா, ரேடியோ கேட்டீங்களா? நிலையத்துக்கு ஒரே போனாம். எல்லாரும் அந்தக் கதையத்தான் கேக்குறாங்களாம்."

"கேப்பாங்கடா, ஏன் கேக்க மாட்டாங்க? வழியும் சொல்லிட்டியே, கதவத் தட்ட வேண்டியதுதான் பாக்கி."

"பேரச் சொல்லலையே."

"பேரு எதுக்குடா? பக்கத்து வீடுன்னே. ரோட்டுப் பேரையும் சொன்னே. அடுத்தது எப்போங்கறதையும் சொன்னே. போலீஸ்காரன் காலண்டர்ல குறிச்சு வச்சுக்கிட்டா போதும்."

டேரினின் முகம் மெல்ல மெல்ல வெளுத்தது. பிள்ளைப் பிராயத்திலிருந்தே அவன் அப்படித்தான். இருக்கக் கூடாது என்று முடிவு கட்டிய சட்டத்தை, இல்லவே இல்லை என்று மறந்துபோவான்.

"அந்தச் சட்டம் தப்புங்க. அது செல்லாது," என்றான் தாழ்ந்த குரலில்.

"செல்லாதுன்னு நீ சொல்றே. ஜெயில் கதவுக்கு அது தெரியுமா?"

அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தான். "நான் சொன்னா சொன்னதுதான். இனிமே உங்களப் பத்தி வாயத் திறக்க மாட்டேன்."

"நீ வாயத் திறக்காம இருந்ததை இந்த ஊர்ல யாரு பாத்திருக்கா? கெல்சிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. நான் வர மாட்டேன்."

கெல்சி அவன் மனைவி. அவன் தொப்பியை மாட்டிக்கொண்டு போனான். வெர்னா அன்று முழுவதும் ஜன்னல் பக்கத்திலேயே இருந்தாள். தபால் வண்டி வந்தபோதுகூட நாற்காலியிலிருந்து எழுந்து அறைக்குள் போய்விட்டாள்.

சனிக்கிழமை தீயணைப்புக் கூடத்தில் மீன் வறுவல் விருந்து, வேட்பாளர்கள் பேச்சும் உண்டு. போகாமல் இருந்தால் ஏன் வரவில்லை என்று பார்ப்பார்கள். அதனால் பெர்சிமன் புட்டிங்கை எடுத்துக்கொண்டு போனாள். மீனுக்கும் முட்டைக்கோஸுக்கும் பக்கத்தில் அதை வைத்துவிட்டுத் திரும்பினால் எதிரே ஹேல் டில்லட் உட்கார்ந்திருந்தார். மாவட்ட அரசு வழக்கறிஞர். யாரை வழக்கில் போடுவது, யாரை விடுவது என்பது அவர் பேனாவில் இருந்தது. அவரும் அந்த ஆண்டு தேர்தலில் நின்றார்.

டேரின் தன் கொள்கைகளைச் சொல்லி முடித்தான். சிலர் கை தட்டினார்கள். அதே தொகுதியிலிருந்து இருபது வருஷமாகச் சட்டமன்றத்தில் இருக்கும் நார்பர்ட் சைப்ஸ் அடுத்து எழுந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தம்பி லைசென்ஸே வேண்டாங்குறாரு. ரேடியோவுல உருக்கமா ஒரு கதை சொன்னாரு. நானும் கேட்டேன். என் கேள்வி ஒண்ணே ஒண்ணு. யாரந்த அம்மா? சொல்லட்டும். நெஜம்னா இந்த மாவட்டத்துல ஒரு குற்றம் நடக்குது, டில்லட்டும் இங்கதான் இருக்காரு. நெஜமில்லேன்னா, பொய்யே பேசமாட்டேன்னு போர்டு போட்டுக்கிட்டு வந்திருக்கிற ஆளு பொய் பேசியிருக்காரு."

கூடம் அடங்கிப்போனது. எண்ணெய்ச் சட்டி இரைவது மட்டும் கேட்டது. வெர்னா மடியில் இருந்த கைகளை ஒன்றின் கீழ் ஒன்றாக மறைத்தாள். அந்தக் கூடத்தில் அவள் கையில் பிறந்த குழந்தைகள் மேசைக்கு மேசை ஓடி விளையாடிக்கொண்டிருந்தன. அவர்களின் அப்பாக்களும் அம்மாக்களும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் அவள் பக்கம் திரும்பவில்லை. அப்படித் திரும்பாமல் இருப்பதே காட்டிக்கொடுத்துவிடும் என்று அவளுக்குத் தோன்றியது.

டேரின் மறுபடி மைக்கை வாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். உண்மையைச் சொன்னால் அவள் ஜெயிலுக்குப் போவாள். சொல்ல மாட்டேன் என்றாலோ, அப்படி ஒருத்தி இருக்கிறாள் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்.

"பொய்தான்," என்றான்.

"என்ன?"

"பனிப்புயல்ல பக்கத்து வீட்டம்மா வந்தது நெஜம். அன்னைக்கு யாரு வந்தாலும் குற்றமில்ல. புள்ளைங்களப் பத்திச் சொன்னது பொய். ரேடியோவுல பேச்சு நல்லா இருக்கட்டும்னு சொல்லிட்டேன். ரெண்டையும் நான்தான் பிடிச்சேன். தகப்பன் பிடிக்கிறதுக்குச் சட்டத்துல தடை இல்ல."

யாரோ ஒருத்தருக்குப் பொறுக்க முடியாமல் சிரிப்பு வெடித்தது. முதல் பிள்ளை பிறந்தபோது டேரின் மயங்கி விறகுப் பெட்டிக்குள் விழுந்து நெற்றியில் தையல் போட்டது ஊருக்கே தெரியும். தழும்பு இன்னும் இருந்தது.

தீயணைப்புத் தலைவர் ராய்ஸ் டெக்கார்ட் எழுந்தார். பெரிய உருவம், பெரிய குரல். அவருடைய பெண்கள் மூன்று பேரும் வெர்னாவின் கையில் பிறந்தவர்கள். வெர்னா கண்ணை மூடிக்கொண்டாள்.

"நெஜம்தாங்க," என்றார் ராய்ஸ். "நான் சாட்சி. முழங்கை வரைக்கும் சட்டையச் சுருட்டிக்கிட்டு, என்னமா நின்னான் தெரியுமா! சிங்கம் மாதிரி நின்னான்."

"குதிரைக் குட்டின்னு நெனச்சிருப்பான்," என்றது பின் வரிசை.

"காலுக்கு லாடம் அடிக்காம விட்டானே, அந்த மட்டுக்கும்!"

கூடம் சிரிப்பில் குலுங்கியது. ஆளுக்கொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனார்கள். கெல்சி அவனைத் திட்டினாளாம், அவன் அவளைத் தைரியப்படுத்தினானாம். நடக்காத ஒன்றை அத்தனை பேரும் பார்த்திருந்தார்கள்.

"அப்ப நீங்க பொய்யர்னு நீங்களே ஒத்துக்கறீங்க," என்றார் சைப்ஸ்.

"ஒத்துக்கறேன். கொள்கை சரிதாங்க. சொன்ன ஆளுதான் சரியில்ல," என்று சொல்லிவிட்டு டேரின் மைக்கை வைத்தான். அதன் பிறகு அவன் தேர்தல் பேச்சை யாரும் காதில் வாங்கவில்லை.

கிளம்பும்போது டில்லட் வெர்னாவிடம் வந்தார். கையில் காலியான தட்டு இருந்தது. "புட்டிங் உங்களோடதா? பிரமாதம்." பிறகு குரலைத் தாழ்த்தாமலே சொன்னார்: "உங்க ரோடு ரொம்ப மோசமாமே. பாத்துப் போங்க."

அது அக்கறையா, எச்சரிக்கையா என்று அவளுக்குப் புரியவில்லை. ஆரினிடம் கேட்டாள். "ரோடு மோசம்தானே?" என்றான் அவன்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் போன் அடித்தது. டேரின்தான்.

"நாங்க ஆஸ்பத்திரிக்குத்தாம்மா கிளம்பினோம். வண்டியில ஏத்துறதுக்குள்ள... இல்ல, இனிமே போய்ச் சேர முடியாது. தலை கீழ வந்துருச்சுங்குறா. உங்கள வரச் சொல்லல. என்ன பண்ணணும்னு மட்டும் சொல்லுங்க, நான் பண்றேன்."

வெர்னா போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுவரில் சாவி தொங்கியது. வீட்டில் கேக் எதுவும் இல்லை. ஆரின் தனக்கென்று எடுத்து வைத்திருந்த பாதிப் புட்டிங்கைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தான்.

ஏமிக் வீட்டுப் பாதை பிரிகிற இடத்தில் ஒரு சிவப்பு வண்டி பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு குறுக்கே நின்றது. வெர்னா பிரேக்கை மிதித்தாள். பானெட்டுக்குப் பின்னாலிருந்து ராய்ஸ் டெக்கார்ட் தலையை நீட்டினார். டேரின் அவருக்கும் போன் செய்திருக்க வேண்டும்.

"இன்ஜின் சூடாயிருச்சு," என்றார் அவள் முகத்தைப் பார்க்காமல். "நீங்க அந்த ஓரமாப் போயிருங்க. உங்களுக்கு அப்புறம் ஒரு வண்டியும் போக முடியாதுன்னு நெனக்கிறேன்."

உள்ளே கெல்சி கட்டிலின் விளிம்பைப் பிடித்திருந்தாள். டேரின் சுவரோரம் நின்றான், முகத்தில் ரத்தமே இல்லை. வெர்னா கை கழுவினாள். விரல்கள் ஆடின. தலை தெரிந்தது. எப்போதும் அந்த நேரத்தில் நிற்கிற நடுக்கம் அன்று நிற்கவில்லை.

"டேரின், வா இங்க. மண்டி போடு."

"நானா? வெர்னாம்மா, நான் விழுந்துருவேன்."

"மண்டி போட்டவன் எங்கடா விழுவான்? கையக் கழுவு. நீட்டு."

அவன் கைக்குக் கீழே தன் கையை வைத்துக்கொண்டாள். மேலே எடு என்றாள், மெதுவா என்றாள், இழுக்காதே, அதுவா வரும் என்றாள். குழந்தை வழுக்கிக்கொண்டு அவன் உள்ளங்கையில் வந்து விழுந்தது. பெண். ஒரு கணம் சத்தம் இல்லை. வெர்னா முதுகைத் தேய்த்தாள். பிறகு அழுதது.

டேரினும் அழுதான். மயங்கவில்லை.

"யாரு பிடிச்சது?" என்று கேட்டாள் வெர்னா.

"நாந்தான்."

"யார் கேட்டாலும்?"

"நாந்தான். இந்தத் தடவை பொய் இல்லையே, வெர்னாம்மா."

அப்போது ராய்ஸ் வழியை மறித்து நின்ற பாதை முனையில் ஒரு வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. ராய்ஸின் பெரிய குரல் கேட்டது, அதற்கு இன்னொரு குரல் பதில் சொன்னது. யாருடையது என்று தெரியவில்லை. வெர்னா பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, புட்டிங்கின் மூடியைத் திறந்து மேசைமேல் வைத்தாள். விருந்தாளியைப் போல நாற்காலியில் உட்கார்ந்தாள். கெல்சி குழந்தையின் வாயை மார்போடு சேர்த்துக்கொண்டாள். மூவரும் அசையாமல் இருந்தார்கள்.

இரண்டு குரல்களும் பேசிக்கொண்டே இருந்தன. பிறகு கதவு சாத்தும் சத்தம். இன்ஜின் கிளம்பி, வந்த வழியே போனது. அது முழுதும் கேட்காமல் போகும்வரை வெர்னா நாற்காலியை விட்டு எழவில்லை.