பொமேலோ இழுக்காத இடம்

வீட்டிலிருந்து ரொட்டிக் கடைக்கும், அங்கிருந்து எபெரின் பெட்டிக்கடைக்கும் பொமேலோ நடந்தால் யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. நடைபாதை முடியும் இடத்தில் நிற்பான், மரத்தின் வேர் கிளம்பிய இடத்தில் சுற்றிக்கொண்டு போவான். பழகாத தெருவில் திரும்பிவிட்டால் போதும், வழிகாட்டி நாய் என்பதே மறந்துபோகும். மூக்கை நீட்டிக்கொண்டு பாய்வான். சேணத்தின் கைப்பிடியைப் பிடித்தபடி, பார்வையில்லாத சுல்மா பெரூத்தி பின்னாலேயே ஓடுவாள். இரண்டு முறை கம்பத்தில் தோள் மோதியிருக்கிறது. ஒருமுறை கண்ணாடிக் கதவில் நெற்றி.

"யாரு யாரைக் கூட்டிட்டுப் போறீங்க சுல்மாம்மா? உங்களைக் காய்கறிப் பை மாதிரி இழுத்துட்டுப் போறானே" என்பான் எபெர்.

ரொட்டிக் கடைக்காரி வேறு காரணம் சொன்னாள். "இறந்துபோன உங்க வீட்டுக்காரரைத் தேடுதுங்க, பாவம்." கணவர் எல்பியோ இறந்து பதினோரு மாதம் கழித்துத்தான் பொமேலோ வந்தான், அவர் வாசனைகூட அவனுக்குத் தெரியாது. சுல்மா அதைத் திருத்தவில்லை. திருத்தினால் பேச்சு வளரும்.

முப்பத்திரண்டு வருடம் தலைநகர் மொந்தெவிதேயோவில் ஓர் அரசு அலுவலகத்தில் தொலைபேசி இணைப்புகள் கொடுத்தவள் அவள். எல்பியோ போன பிறகு வாடகை வீடு பெரிதாகிவிட்டது. ஒன்றுவிட்ட தங்கை ஸ்பெயினுக்குப் போனதால் துராஸ்னோ என்ற சிறிய ஊரில் ஒரு வீடு சும்மா கிடந்தது. அங்கே வந்து ஐந்து மாதம். தெரிந்தவர்கள் இரண்டு பேர், இருவருமே கடைக்காரர்கள்.

பொமேலோவைப் பழக்கிக் கொடுத்த நாய்ப் பள்ளியின் பயிற்சியாளர் ஹிமேனா லர்ரோசா பேருந்தில் வந்து, ஒரு தெரு நடந்து பார்த்துவிட்டு, மறைக்காமல் சொன்னாள்.

"இப்படியே போனா ஒரு நாள் உங்களை லாரிக்கு அடியில தள்ளிடுவான். மூணு வாரம் பாக்கறேன். அப்பவும் இழுத்தா அவனை நான் கூட்டிட்டுப் போயிடுவேன். எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு."

"என்ன செய்யணும்?"

"தினம் ஒரு புது இடம். இழுத்த உடனே கைப்பிடியை விட்டுடுங்க, கழுத்து வாரை மட்டும் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க. அடங்குற வரைக்கும் நில்லுங்க. அடங்கலைன்னா தெருமுனைக்குத் திரும்பி வந்து மறுபடியும் முதல்லேருந்து. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று சொல்வது சுலபம். தினம் ஒரு புது இடத்துக்குப் போக, அங்கே ஒரு வேலை இருக்க வேண்டுமே. முதல் நாள் இரும்புக் கடைக்குப் போய் ஆறு ஆணி வாங்கினாள். மறுநாள் பல் டாக்டரின் வரவேற்பறையில் உட்கார்ந்து, முறை வருவதற்குள் எழுந்து வந்தாள். வழியில் நிற்பதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய பாடு. பார்வையில்லாத ஒரு பெண் தெருவில் சும்மா நின்றால் துராஸ்னோவில் விடமாட்டார்கள். "வாங்கம்மா, நான் விடுறேன்" என்று எந்தக் கையாவது வந்து முழங்கையைப் பிடித்து, அவளுக்கு வேண்டாத எதிர்ப்புறத்தில் கொண்டுபோய் நிறுத்தும். அதனால் அவள் நிற்கவில்லை. இழுத்த இழுப்புக்கு ஓடி, போன காரியத்தை முடித்து, ஓடியே வீட்டுக்கு வந்தாள்.

ஐந்தாம் நாள் காலை, மாத்தே இலைத் தேநீர் குடித்துக்கொண்டு வானொலி கேட்டாள். எட்டரை மணிக்கு அந்த ஊர் வானொலியில் இறந்தவர்களின் பெயரும், உடல் வைத்திருக்கும் இடமும் வாசிப்பார்கள். லாடிஸ்லாவோ ஒய்யார்சாபல், வயது எண்பத்தொன்று. அஞ்சலிக் கூடம் நான்கு தெரு தள்ளி. வேறு போக்கிடம் தோன்றாமல் கறுப்பு ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு போனாள்.

அன்று பொமேலோ இழுக்கவில்லை. வாசலுக்கு அரைத் தெரு முன்பே ஆட்கள் மெதுவாக நடந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் பின்னால் அவளும் மெதுவாக நடந்தாள். உள்ளே யாரோ நாற்காலி போட்டார்கள், காப்பி கொடுத்தார்கள். பொமேலோ அவள் காலடியில் படுத்துப் பெருமூச்சு விட்டான். இறந்தவரின் மகள் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பாவை எப்படித் தெரியும்?"

"எனக்கு வருத்தமா இருக்கும்மா" என்றாள் சுல்மா. அது பொய்யில்லை. எல்பியோவின் அஞ்சலிக்கு வந்தவர்கள் ஆறு பேர். அதில் இரண்டு பேர் பக்கத்து அறையில் வேறொருவரைப் பார்க்க வந்து வழி தவறியவர்கள்.

அதன் பிறகு வானொலியில் பெயர் வாசித்த நாளெல்லாம் போனாள். பதினான்கு நாளில் ஒன்பது அஞ்சலி. பொமேலோ ஆட்டுக்குட்டி மாதிரி வந்தான். கூடத்து ஊழியன் அவளுக்குச் சர்க்கரை போடாத காப்பி கொண்டு வரப் பழகிவிட்டான். எபெரிடம் பெருமையாகவே சொன்னாள்: "நாய் சரியாயிட்டான்."

மூன்று வாரக் கெடு முடிந்ததும் ஹிமேனா வந்தாள். கறவை இயந்திரம் விற்கும் கடைகள் இருக்கும் தெருவுக்குக் கூட்டிப் போனாள். திரும்பிய நிமிடமே பொமேலோ பாய்ந்தான். சுல்மா ஒரு மிதிவண்டியில் இடித்துக்கொண்டுதான் நின்றாள்.

ஹிமேனா மிதிவண்டியை ஓரமாகத் தள்ளினாள். பிறகு கேட்டாள். "எங்கெங்க போனீங்க?"

"இரும்புக் கடை. பல் டாக்டர்." நிறுத்தினாள். "அப்புறம் அஞ்சலிக் கூடம்."

"யாரு போயிட்டாங்க?"

"ஒன்பது பேர். யாரையும் எனக்குத் தெரியாது."

ஒரு லாரி கடந்து போயிற்று. ஹிமேனாவின் குரல் தணிந்தது. "சுல்மா, ஒன்பது தடவை போனா அது புது இடமே இல்லை. அவனுக்கு ரொட்டிக் கடை மாதிரி ஆயிடுச்சு."

"எனக்கும்தான்."

"எதுக்கு மத்த இடத்துல நிக்கலை?"

"நின்னா ஆள் வந்து பேசுறாங்க."

"அங்கேயும்தானே பேசுறாங்க?"

"அங்க என்ன பதில் சொல்லணும்னு எனக்குத் தெரியும்."

ஹிமேனா குனிந்தாள். அவள் கை சேணத்தின் மீது படுவது கைப்பிடி வழியாகத் தெரிந்தது. இப்போதே கழற்றப்போகிறாள் என்று நினைத்த சுல்மாவின் விரல்கள் இறுகின. இவனும் போய்விட்டால் காலையில் எழுந்து ஒரு வார்த்தை சொல்ல ஓர் உயிர் கிடையாது.

"எத்தனை மணிக்கு உங்க பஸ்?"

"நாலுக்கு."

"அதுவரைக்கும் பாருங்க" என்றாள் சுல்மா. தெருமுனைக்குத் திரும்பினாள்.

முதல் முறை நாலு அடியில் இழுத்தான். கைப்பிடியை விட்டுவிட்டு நின்றாள். கடையிலிருந்து ஓர் ஆள் இறங்கி வந்து முழங்கையைப் பிடித்தான்.

"எங்க போகணும் சேன்யோரா?"

"எங்கேயும் இல்லை. கையை விடுங்க, நின்னுட்டிருக்கேன்."

"வெயில்ல ஏன் நிக்கிறீங்க?"

"நாய் அவசரப்படுது. நானும்தான்."

அவன் போய் இன்னொருவனிடம் சொல்வது கேட்டது. "எதுவும் வேணாமாம், சும்மா நிக்கிறாங்களாம்." யாரோ சிரித்தார்கள். முகம் சுட்டது. வார் தளர்ந்த பிறகே கைப்பிடியை எடுத்தாள். இரண்டாம் முறை பத்து அடி. மூன்றாம் முறை அதுவும் இல்லை. நான்கு மணிப் பேருந்து போய்விட்டது. ஹிமேனா நின்ற இடத்திலிருந்து நகரவில்லை. ஏழாவது முறை, பிள்ளைபெற்றவள் நடப்பதுபோல மெதுவாக அவளே அடி வைத்தாள். பொமேலோ அந்த நடைக்குத் தோளை ஒதுக்கிக் கொடுத்தான். தெருவின் கடைசி வரை கைப்பிடி கனக்கவில்லை.

"இன்னும் ஒரு மாசம்னு எழுதுறேன்" என்றாள் ஹிமேனா. "கூடத்துக்கு மட்டும் போகாதீங்க."

"யாராவது நிஜமா தெரிஞ்சவங்க போனா?"

"அப்ப போங்க."

அப்படி யாரும் இல்லை என்பது இருவருக்குமே தெரியும். ஹிமேனா அடுத்த பேருந்தைப் பிடிக்க நடந்தாள். அவள் செருப்புச் சத்தம் லாரிகளுக்குள் கரைந்தது. வீட்டுக்கு எந்தப் பக்கம் என்று சுல்மாவுக்குத் தெரியவில்லை. வழக்கமாக இந்த நேரத்தில் நாயை முடுக்கியிருப்பாள். இப்போது நின்றாள். யாராவது வருகிற காலடிக்காகக் காதைக் கொடுத்தாள். ஒன்று வந்தது, கடந்து போகப் பார்த்தது.

"கொஞ்சம் இருங்க" என்றாள். "நான் இந்தத் தெருவுக்குப் புதுசு."