சிறுத்தை பார்க்க வந்தவர்களுக்குச் சமைத்தபோது

சிறுத்தை பார்க்க வருகிறவர்களுக்கு ஆக்கிப்போடும் வேலை சமையல் தெரிந்தவர்களுக்கு லேசு, பயந்தவர்களுக்குக் கஷ்டம். எனக்குச் சமையலும் தெரியும், பயமும் நிறைய. பிறர் வீட்டு அடுப்படியில் நின்று காலம் தள்ளுகிற அக்கா தங்கச்சிமாருக்கு நான் சொல்வது விளங்கும்.

மடுல்சீமைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பழைய பங்களாவில் ஐந்தாறு வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்குவார்கள். கூட்டி வருகிறவர் ஒரு மிஸ்; பண்டாரவளை ஊர்ப் பிள்ளை, சிறுத்தையைப் பற்றியே படித்து ஆராய்ச்சி செய்கிறவர். என் மகன் கொழும்பில். மகள் செல்வி மட்டும் இங்கேயே கல்யாணம் கட்டி, கொழுந்து எடுக்கிறாள். இவர்கள் சிறுத்தையைத் தேடுகிற மலையும் அவள் கொழுந்து எடுக்கிற மலையும் ஒன்று. சாமி படத்துக்கு முன்னால் நான் நிற்கிற நேரம் அதனால் கூடிப்போனது.

வாசலில் நாய்

விருந்தாளிகளிடம் சொன்னதை மிஸ் எனக்கும் தமிழில் சொன்னார். சிறுத்தைக்கு நாய் என்றால் பிரியமாம். எங்கள் சனம் வரிசையாகக் குடியிருக்கிற லயத்துப் பக்கம் வருவதே அதற்குத்தானாம். செல்வி வீட்டு வாசலில் இரண்டு நாய் படுத்திருக்கும். பக்கத்திலேயே பேத்தி மண்ணில் விளையாடும்.

“நாயைத் தேடி வர்றது ஆளு தெரியாம புள்ளையத் தூக்கிட்டா, மிஸ்?” என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. “மனுசரைக் கண்டா அது தானா ஒதுங்கிடும்மா. பொழுதோட நாயை உள்ள கட்டச் சொல்லுங்க. குட்டி வச்சிருக்கிறதுகிட்ட மட்டும் சத்தமில்லாம போய் நின்னுடக் கூடாது.”

எலுமிச்சம்பழம்

ஜீப் கிளம்புமுன் டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து, முன்பக்கம் திருநீறு பூசுவேன். மலைப்பாதை அப்படி, ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பாதாளம். ஒரு நாள் விருந்தாளிகளும் வரிசையாக வந்து நெற்றியை நீட்டினார்கள். ஒருபோதும் சிரிக்காத நெட்டை மனுசனும் எனக்காகக் குனிந்தார். அவர்களும் என்னைப்போலத்தான் பயந்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது.

டிரைவர் நிஸார் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி சொன்னார்: “எல்லாருக்கும் பூசியாச்சு, சந்தோசம். அந்த பிரேக்கையும் ஒருக்கா பார்க்கச் சொல்லி முதலாளிக்கிட்ட சொல்லுங்கக்கா.”

சத்தம் போடாத பெண்கள்

ஒரு காலையில் தேத்தண்ணியும் ரொட்டியும் எடுத்துக்கொண்டு நானும் ஜீப்பில் போனேன். எதிர்ப்பக்கப் பாறையில் தாய்ச் சிறுத்தை படுத்திருந்தது, மடியில் ஒரு குட்டி. எல்லாரும் மூச்சை அடக்கிக்கொண்டு படம் எடுத்தார்கள். மிஸ் தூரக்கண்ணாடியில் கண்ணை வைத்தவர் எடுக்கவே இல்லை. நான் முருகனைக் கூப்பிட்டபடி கீழே பள்ளத்தைப் பார்த்தேன்.

அப்படிப் பார்த்ததால்தான் அந்தப் பாறைப் பக்கம் ஏறும் படியில் வரும் பெண்களைக் கண்டேன். முன்னால் செல்வி. மற்ற நாளில் எங்கள் பெண்கள் வருவது அடுத்த மலைக்குக் கேட்கும். அன்றைக்குச் சருகு மிதிபடும் சத்தம்கூட இல்லை. வெள்ளைக்காரர்கள் படம் பிடிக்கிறார்கள், மரியாதையாக வாய் மூடிப் போங்கள் என்று வேலை மேய்க்கிற கங்காணி சொல்லியனுப்பியிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. பாறை மறைப்பதால் சிறுத்தை அவர்களுக்குத் தெரியாது. இன்னும் ஒரு வளைவு திரும்பினால் அதன் முன்னால்தான் போய் நிற்பார்கள்.

மிஸ்ஸைக் கூப்பிடத்தான் வாயைத் திறந்தேன். என்னை அறியாமல் வந்தது, நானும் கொழுந்து எடுத்த காலத்தில் நாளின் முதல் கொழுந்தைக் கூடையில் போடும்போது கூவிய கூவல்தான். “பொலியோ பொலி!” அந்தக் கூவல் கேட்டால் எங்கள் பெண்களுக்கு வாய் சும்மா இருக்காது. கீழேயிருந்து மொத்தமாக, “பொலி, பொலி!” என்று வந்தது. தாய் எழுந்தது, அந்தப் பக்கம் ஒரு தரம் பார்த்தது, குட்டியைக் கவ்விக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டது.

நெட்டை மனுசன் கமராவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். வேலை போயிற்று என்றே நினைத்தேன். மிஸ் கீழே எட்டிப் பார்த்தார். முகம் வெளிறிப்போனது. வந்து என் கையைப் பிடித்தார். “எனக்கு அவங்க வர்றது தெரியவே இல்லம்மா.”

செல்வி வந்தாள்

மத்தியானம் செல்வி பங்களா அடுப்படிக்கு வந்தாள். நடந்ததைச் சொன்னேன். உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். இன்னொரு கோப்பையும் குடித்தாள். நான் அவள் தலையைத் தடவித் திருநீறு பூசினேன். கொஞ்சம் நிறம் திரும்பியதும் என் கையைத் தள்ளிவிட்டுச் சொன்னாள்: “அதெல்லாம் சரிம்மா. வெளிநாட்டுக்காரங்க முன்னால இப்படியா தொண்டை கிழியக் கத்துவ? எனக்கு மானமே போச்சு.”

சிறுத்தையிடமிருந்து மகளைத் தப்பவைத்தாலும் மகளின் ஏச்சிலிருந்து தான் தப்ப முடியாது என்பதுதான் இந்த வேலையில் நான் கண்டது.